மாடிக்கு ஒரு ஒயர் இழுங்கள்

கீழே ஹாலில் ஃபைபர் மோடம். மாடி அறையில் வைஃபை ஒரே ஒரு கோடு காட்டிவிட்டு அதுவும் போய்விடும். உடனே ரிப்பீட்டர் வாங்க ஓடாதீர்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும்போதே சிக்னல் இளைத்துவிடுகிறது. அந்த மிச்சத்தைத்தான் ரிப்பீட்டர் திருப்பி அனுப்பும். ஒரே ரேடியோவில் வாங்கிக் கொடுக்கும் ரகம் என்றால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஒரு கேட்-6 கேபிளும் (நெட்வொர்க் ஒயர்) பரணில் கிடக்கும் பழைய ரூட்டரும் இருந்தால் இந்தத் தொல்லை தீரும். மோடத்திலிருந்து கேபிளை மாடிக்கு இழுத்து, அங்கே அந்த ரூட்டரை வைத்தால் போதும்.

கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நாலு முறை வளைத்தால் ஒடியும். கரண்ட் ஒயர் போகிற பைப்பிலேயே இதையும் சொருகாதீர்கள், ஆபத்து. தனி பைப் போடுங்கள்.

கிரிம்ப் செய்வதில், அதாவது கேபிள் முனையில் பிளக்கை மாட்டி அழுத்துவதில்தான் பாதி வேலை கெடுகிறது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். எட்டு நுனியும் பிளக்கின் முன்சுவரைத் தொடுகிறதா, வெளியுறை பிளக்குக்குள் நுழைந்து கடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். உறை வெளியே நின்றால் இழுபடும்போது உள் ஒயர் கழன்றுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லையா? 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு பின் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியோ பிரவுன் ஜோடியோ விட்டுப்போயிருக்கும். கேபிள் டெஸ்டரில் எந்த விளக்கு எரியவில்லை என்று பாருங்கள். எட்டும் எரிந்தால், பழைய ரூட்டரின் போர்ட்டே 100தானா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ரூட்டர். லேப்டாப்பை ஒயரில் ரூட்டரோடு இணைத்து, ரூட்டரின் ஐபியை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) முதலில் மாற்றுங்கள். மோடம் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. மோடம் தானாக ஐபி வழங்குவதை 192.168.1.10லிருந்து தொடங்கச் சொல்லிவிட்டால் மோதல் வராது. ரூட்டரின் புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஹெச்சிபியை, அதாவது தானாக ஐபி வழங்கும் வசதியை, அணையுங்கள். மாடிக்கு வரும் ஒயரை லேன் போர்ட்டில்தான் சொருக வேண்டும், இன்டர்நெட் என்று எழுதிய போர்ட்டில் அல்ல.

டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் வரும் கோளாறு ஆளைச் சுற்றலில் விடும். இரண்டு பெட்டிகளும் ஐபி கொடுக்கும், முந்தியது ஜெயிக்கும். மாடி ரூட்டரிடம் ஐபி வாங்கிய போனில் வைஃபை இணைந்திருக்கும், நெட் மட்டும் வராது. பக்கத்துப் போனில் நன்றாக ஓடும். லைனில்தான் கோளாறு என்று புகார் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மோடம், ரூட்டர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் மட்டும் கீழே 1, மேலே 6 அல்லது 11. டிவி, டெஸ்க்டாப் போல நகராத பொருட்களுக்கு ஒயரே கொடுங்கள்.

கரண்ட் போனாலும் மாடியில் நெட் வேண்டுமென்றால் மோடம், ரூட்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போட வேண்டும். மினி யுபிஎஸ் வாங்குவதானால் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.