பழைய தோட்ட இதழ்கள்

பழைய தோட்டக்கலை இதழ் ஒன்று கையில் சிக்கினால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. கட்டுரைகளை விட எனக்குக் கடைசிப் பக்கங்கள்தான் பிடிக்கும். விதை விளம்பரங்கள், அப்புறம் வாசகர் கேள்வி பதில். ரோஜா இலையில் கரும்புள்ளி விழுகிறதே, என்ன செய்யலாம் என்று அன்றைக்கும் யாராவது புலம்பியிருப்பார். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்று, இலை நனையாமல் வேரில் தண்ணீர் விடு. இன்றைக்கும் அதே பதில்தான்.

மருந்து விஷயம்தான் பகீர் என்கிறது. 1940களின் கடைசியில் வந்த இதழ்களில் டிடிடி தூளுக்கு அப்படி ஒரு வரவேற்பு! அது பூச்சியைக் கொல்லும் என்று கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். 1972இல் அமெரிக்கா அதற்குத் தடை போட்டது.

படங்கள் தனி ரகம். 1787இல் லண்டனில் தொடங்கிய கர்ட்டிஸ் பொட்டானிகல் மேகசினில் 1948 வரை படங்களுக்குக் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். அதுவும் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக! ஒரே பூவை நாள் முழுக்கத் தீட்டியவர்களுக்கு, அப்புறம் அந்தச் செடியைக் கண்டாலே எரிச்சல் வந்திருக்காதா?