தரைக்கடியில் ஒரு ஓட்டை

போன வாரம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வர் ரூமுக்கு எஃப்எம்-200 என்கிற தீயணைப்பு வாயு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடப் போயிருந்தேன். கேபிள் போக உயர்த்திப் போட்ட பொய்த்தரைக்கு அடியிலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் உள்ள இடத்தையும் சேர்த்து 72 கன மீட்டர். 20 டிகிரியில் அறைக் காற்றில் 7.9 சதவீதம் இந்த வாயு இருக்க வேண்டும் என்றால் சுமார் 45 கிலோ. பத்தே நொடியில் கொட்டிவிடும், அது சுலபம். அப்புறம் வாயு பத்து நிமிஷம் அறைக்குள்ளேயே நிற்க வேண்டுமே!

தரைப் பலகையைத் தூக்கினால், கேபிள் போன இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"சின்ன ஓட்டைதானுங்க" என்றார் எலக்ட்ரீசியன் அண்ணன்.

"காத்தை விடக் கனமுங்ண்ணா, கீழே வழி கிடைச்சா நிக்காது" என்றேன்.

முதலாளிக்குக் கார்பன் டை ஆக்சைடு மலிவு என்று ஒரு யோசனை. தீயை அணைக்கும் அளவுக்கு அதை நிரப்பினால் உள்ளே இருப்பவர் உயிர் போய்விடும், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டையை அடைத்த பிறகுதான் டோர் ஃபேன் டெஸ்ட், அதாவது கதவில் ஃபேன் மாட்டி அறை எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.