34-ஆவது பெயர்

கடந்த நவம்பரில் அடுத்தடுத்த இரண்டு இரவுகள், என் அக்காள் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, ஒரே ஒரு பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தோம். அக்காள் மகனுக்கு 18 வயது. மெல்போர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் பிறந்து, எட்டு வயதிலிருந்து ஃபூட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடி, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான டேலண்ட் லீகில் ஒரு பருவம் முழுவதும் ஆடி முடித்தவன். அந்த ஆண்டின் ஏ.எஃப்.எல். டிராஃப்டுக்கு, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் கிளப்புகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்குப் பெயர் கொடுத்திருந்தான். கைபேசியைத் திரை தெரியும்படி மேசை மேல் வைத்திருந்தான். இரண்டாம் இரவு அதில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர் ஓரம் போய் நிற்க அவன் விரும்பவில்லை என்பதைப் புரிந்துகொண்ட அக்காள், ஒன்றும் பேசாமல் சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து மேசைக் காலடியில் வைத்தாள்.

கால்பந்து என்றதும் நம்மில் பெரும்பாலோர் நினைக்கும் விளையாட்டு வேறு. ஆஸ்திரேலியாவில் ஃபூட்டி என்பது, நீள்வட்ட மைதானத்தில் அணிக்கு 18 பேர் நீள்வட்டப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் கடத்தி, நான்கு கம்பங்களுக்கு இடையே அனுப்பும் ஆட்டம். 18 கிளப்புகள் கொண்ட ஏ.எஃப்.எல். அதன் உச்சம், 2028-இல் டாஸ்மேனியா 19-ஆவது கிளப்பாகச் சேரவிருக்கிறது. ஐரோப்பியக் கிளப்புகள் பத்து வயதுப் பையனைத் தம் பயிற்சிக் கூடத்தில் சேர்த்துத் தாமே வளர்த்தெடுப்பதைப் போல இங்கே பொதுவாகச் செய்துவிட முடியாது. அந்த ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறையும் இளைஞர்கள் ஒரு பொதுப்பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். கிளப்புகள் வரிசையாக ஒவ்வொரு பெயராக அழைத்துக்கொள்ளும். அந்த ஆண்டுப் புள்ளிப்பட்டியலின் கடைசியில் இருக்கும் கிளப்புக்கு முதல் தேர்வு, கோப்பையை வென்ற கிளப்புக்கு அந்தச் சுற்றின் கடைசித் தேர்வு. தேர்வு எண்களைக் கிளப்புகள் தமக்குள் பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம். பையன் தன்னை மாற்றிக்கொள்ள முடியாது.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன் நிலவியதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இதைவிட மோசமாக இருந்தது. அப்போது லீகின் பெயர் வி.எஃப்.எல். 1960-களின் இறுதியிலிருந்து விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறப் பகுதிகள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுக் கிளப்புகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. ஒரு பையன் எந்தக் கிளப்புக்கு ஆடுவான் என்பதை அவன் வீட்டு முகவரி தீர்மானித்தது. மார்னிங்டன் தீபகற்பத்தை உள்ளடக்கிய வளமான மண்டலம் ஹாதார்னுக்குக் கிடைத்தது. வறண்ட மண்டலம் வாய்த்த கிளப்புகள் ஆண்டுக்கணக்கில் அடிமட்டத்திலேயே கிடந்தன. மற்ற மாநிலங்களின் சிறந்த வீரர்களையோ பணமுள்ள கிளப்புகள் விலைகொடுத்து வாங்கின. 1986-இல் முதல் டிராஃப்ட் நடந்து, அடுத்த ஆண்டு ஆட்டத்தில் இறங்கவிருந்த பிரிஸ்பேன் பேர்ஸ் கிளப் மார்ட்டின் லெஸ்லியை முதல் பெயராக அழைத்தது. கிளப்புகளுக்கு இடையே சமநிலையைக் கொண்டுவருவதுதான் நோக்கம். அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியது என்றே நான் கருதுகிறேன். 1954-க்குப் பிறகு வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 2016-இலும், 1964-க்குப் பிறகு மெல்போர்ன் 2021-இலும் கோப்பையைத் தொட்டதற்கு டிராஃப்ட் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் இந்தச் சமநிலை கிளப்புகளுக்கு உரியது. அதற்கான விலையில் ஒரு பங்கைச் செலுத்துபவன் பதினெட்டு வயதுப் பையன்.

மருமகன் ஆடிய ஆட்டங்கள் சிலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். குளிர்காலச் சனிக்கிழமைக் காலையில், ஈரம் காயாத மைதானத்தின் எல்லைக் கம்பியோரம், கிளப்பின் சின்னம் பொறித்த மேலங்கி அணிந்த ஐந்தாறு பேர் ஒருவரோடொருவர் அதிகம் பேசாமல் நிற்பார்கள். அவர்கள்தாம் கிளப்புகளின் தேர்வாளர்கள். முதலில் அவர்கள் பந்தைப் பார்ப்பதாகத்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள் ஒருவரின் அருகில் நின்று அவர் பார்வை போகும் இடத்தைக் கவனித்தேன். பந்து எதிர்முனைக்குப் போய்விட்ட பின்னும் அவர் கண் இந்த முனையில் நின்ற ஒரு பையன் மீதே இருந்தது. அவன் சற்றுமுன் எளிதான பந்து ஒன்றைக் கைநழுவ விட்டிருந்தான். தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறானா, உடனே திரும்பித் தன் ஆளைத் துரத்தி ஓடுகிறானா, சக வீரன் கத்தும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஓடினான். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

பருவம் முடிந்த பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு உடற்திறன் சோதனைகள் நடக்கும். 20 மீட்டர் விரைவோட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து ஒரு தாவல், ஓடிவந்து ஒரு தாவல், வளைந்து நெளிந்து ஓடும் சுறுசுறுப்புச் சோதனை என எல்லாம் நொடியின் நூறில் ஒரு பங்குவரை, சென்டிமீட்டர்வரை அளக்கப்படும். மருத்துவப் பரிசோதனை உண்டு. கிளப்புகளின் நேர்காணல்கள் உண்டு. சில கிளப்புகள் வீட்டுக்கே வந்து பெற்றோரோடு அமர்ந்து பேசுகின்றன. இவ்வளவையும் செய்வது, 18 வயதில் இருக்கும் ஒருவன் 25 வயதில் எப்படி இருப்பான் என்பதை ஊகிப்பதற்காக. அளக்கக் கூடியவை எல்லாம் இன்றைய உடலைப் பற்றியவை. கேட்கப்படும் கேள்வியோ ஏழு ஆண்டுகள் கழித்து இருக்கப்போகும் மனிதனைப் பற்றியது.

2009-ஆம் ஆண்டு டிராஃப்டை எடுத்துக்கொள்வோம். அப்போது நடைமுறையில் இருந்த விதியின்படி, தொடர்ந்து இரண்டு பருவங்களில் ஐந்துக்கும் குறைவான வெற்றிகளைப் பெற்ற கிளப்புக்கு, வழக்கமான தேர்வுக்கு மேலாக, எல்லாருக்கும் முன்னதாக ஒரு சலுகைத் தேர்வும் கிடைக்கும். மெல்போர்ன் கிளப் 2008-இல் மூன்று, 2009-இல் நான்கு ஆட்டங்களை மட்டுமே வென்றது. அதனால் முதல் இரண்டு தேர்வுகளும் அதன் கைக்கு வந்தன. அந்தப் பருவத்தை அது கையாண்ட விதம் பின்னர் விசாரணைக்கு உள்ளாகி, வேண்டுமென்றே தோற்றதாக முடிவு செய்யப்படாவிட்டாலும், 2013-இல் கிளப்புக்கு 5,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தோற்பவருக்குப் பரிசு தரும் எந்த ஏற்பாட்டிலும் இந்த நச்சு இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சலுகை இப்போது தானாகக் கிடைப்பதில்லை.

அந்த இரண்டு தேர்வுகளில் மெல்போர்ன் அழைத்த பெயர்கள் டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரெங்கோவ். இருவரும் உண்மையிலேயே அந்த ஆண்டின் சிறந்த பையன்களாகக் கருதப்பட்டவர்கள்தாம். தேர்வில் கவனக்குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஸ்கல்லி இரண்டு பருவங்களுக்குப் பிறகு, புதிதாகத் தொடங்கப்பட்ட சிட்னிக் கிளப்பான ஜி.டபிள்யூ.எஸ்.-க்குப் போய்விட்டார். ட்ரெங்கோவ் இருபது வயதிலேயே கிளப்பின் இணைத் தலைவராக்கப்பட்டு, தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியின் பாரத்தைத் தோளில் சுமந்து, பிறகு பாத எலும்புக் காயத்தால் முடங்கினார். மூன்றாவதாக ரிச்மண்ட் அழைத்த டஸ்டின் மார்ட்டின், இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை மூன்று முறை வென்றார். 20-ஆவதாக ஃப்ரீமேன்டில் அழைத்த நாட் ஃபைஃப், லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வென்றார். அதே இரவில் அதே மெல்போர்ன் கிளப் 34-ஆவதாக மேக்ஸ் கான் என்ற நெட்டையான பையனை அழைத்தது. ரக் என்ற இடத்தில், அதாவது மேலெறியப்படும் பந்துக்காகத் தாவி மோதும் இடத்தில் ஆடுபவர்கள் முதிர்வதற்கு ஆண்டுகள் பிடிக்கும். கானுக்கும் பிடித்தன, காயங்களும் சேர்ந்துகொண்டன. 57 ஆண்டுகளுக்குப் பிறகு 2021-இல் மெல்போர்ன் வென்ற கோப்பையைத் தலைவராக உயர்த்திப் பிடித்தவர் அவர்தான்.

இது விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2001 டிராஃப்டில் முதல் பெயர் லூக் ஹாட்ஜ், மூன்றாவது பெயர் கிறிஸ் ஜட். இருவருமே எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றியவர்கள். ஆயினும் அதே ஆண்டில் 36-ஆவதாக வந்த சாம் மிட்செலும், 58-ஆவதாக வந்த டேன் ஸ்வானும் பிற்காலத்தில் பிரவுன்லோ பதக்கம் பெற்றார்கள். மிட்செலின் பெயரை அதற்கு முந்தைய ஆண்டு எந்தக் கிளப்பும் அழைக்கவே இல்லை. வெஸ்ட் கோஸ்ட் கிளப்பின் மேட் பிரிடிஸ், முதன்மை டிராஃப்டில் இடம் கிடைக்காதவர்களுக்கான ரூக்கி டிராஃப்ட் வழியாக உள்ளே வந்து 2014-இல் அதே பதக்கத்தைப் பெற்றார். தேர்வாளர்கள் திறமையற்றவர்கள் என்று இதிலிருந்து நான் முடிவு செய்யவில்லை. எல்லைக் கம்பியோரம் நின்றவரின் கண்ணைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. விளைவதற்கு முன்பே கதிரை எண்ணச் சொன்னால் யார்தான் சரியாக எண்ணுவார்கள்?

தந்தை-மகன் விதி பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. ஒரு கிளப்புக்கு 100 ஆட்டங்களாவது ஆடியவரின் மகன் விரும்பினால் அந்தக் கிளப்பையே குறித்துக் கொடுக்கலாம். வேறொரு கிளப் டிராஃப்டில் அவன் பெயரை அழைக்கும்போது, தந்தையின் கிளப் அதற்கு ஈடான புள்ளிகளைத் தன் பின்வரிசைத் தேர்வுகளிலிருந்து செலுத்தி அவனை எடுத்துக்கொள்ளும். இதனால் வலுவான அணிகள் மேலும் வலுவடைவது கண்கூடு. மார்க்கஸ் ஆஷ்கிராஃப்டின் மகன் வில், 2022-இல் இரண்டாவது தேர்வாக, அப்போதே மேல்தட்டில் இருந்த பிரிஸ்பேனுக்குப் போனார். அவருடைய தம்பி லீவை ஐந்தாவது தேர்வாக அதே கிளப் எடுத்தது, அது கோப்பையை வென்ற 2024-ஆம் ஆண்டில். சமநிலையை முன்னிறுத்துவோர் இதைக் கண்டு பொருமுவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், எங்கே போக வேண்டும் என்று பையனிடம் வாய்திறந்து கேட்கப்படும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் என்னால் இதை முழுமையாக வெறுக்க முடியவில்லை.

மற்றவர்களிடம் கேட்பதில்லை. பெர்த்தில் வளர்ந்தவனை மெல்போர்ன் நகரக் கிளப் ஒன்று அழைத்தால், ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் தள்ளி, பள்ளி முடித்த சூடு ஆறுவதற்குள் குடிபெயர வேண்டும். 2021-இன் முதல் தேர்வான ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மெல்போர்னுக்கு வந்து, நார்த் மெல்போர்னுக்காக ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, போர்ட் அடிலெய்டுக்கு மாறித் தன் மாநிலத்துக்குத் திரும்பினார். அதற்காகக் கூட்டத்தினர் அவரை நெடுநாள் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். அப்போது அவருக்கு வயது 19. வீட்டுக்குத் திரும்பிப் போக விரும்பியதற்காக ஒரு பத்தொன்பது வயதுப் பையனைப் பல்லாயிரம் பேர் சேர்ந்து இகழ்வதை மைதானத்தில் அமர்ந்து கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது; அன்று பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

டிராஃப்டுக்கான வயதை ஓராண்டேனும் உயர்த்த வேண்டும் என்று இங்கே பலர் நெடுநாளாகக் கூறிவருகிறார்கள்; நானும் அதே கருத்துடையவன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் டிராஃப்ட் ஆண்டும் ஒன்றாக வந்து விழுவதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். காலையில் கணக்குத் தேர்வு எழுதிவிட்டு மாலையில் ஒரு கிளப்பின் நேர்காணலுக்குப் போய், மூன்று பெரியவர்களின் முன் அமர்ந்து, உன் மிகப் பெரிய குறை என்ன என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, இரவு அடுத்த தேர்வுக்குப் படித்தான். ஓராண்டு தள்ளிப்போனால் உடலும் சற்று விளைந்திருக்கும், தேர்வாளர்களின் ஊகமும் சற்றுத் தெளிந்திருக்கும், பையனும் பள்ளியை நிம்மதியாக முடித்திருப்பான். பத்தொன்பதிலேயே உச்சத்தில் ஆடக்கூடிய ஒரு சிலருக்கு இது இழப்புதான். மற்ற பெரும்பாலோரை எண்ணிப் பார்க்கும்போது அந்த இழப்பை ஏற்கலாம் என்றே தோன்றுகிறது.

இரண்டாம் இரவு, கிளப்புகள் ஒவ்வொன்றாக இனி எங்களுக்குத் தேர்வு வேண்டாம் என்று விலகத் தொடங்கின. கடைசிக் கிளப்பும் விலகிய பிறகு, தொகுப்பாளர்கள் முதல் பத்துப் பெயர்களைப் பற்றி மீண்டும் பேச ஆரம்பித்தார்கள். அக்காள் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. அணைத்தால் அதற்கே ஓர் அர்த்தம் வந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். அடுத்த நாள் ரூக்கி டிராஃப்டிலும் அழைப்பு வரவில்லை. அன்று மாலை அவனே என்னிடம் வந்து, "மாமா, அந்தப் பிக்கெட் எத்தனை வயசுல ஆடினாரு?" என்று கேட்டான்.

மார்லியன் பிக்கெட்டைப் பற்றித்தான் கேட்டான். 2019-இன் நடுப்பருவ டிராஃப்டில் ரிச்மண்ட் அவரை எடுத்தபோது அவருக்கு வயது 27. அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில்தான் முதன்முதலாக ஏ.எஃப்.எல். களத்தில் இறங்கினார், இறுதி ஆட்டத்தையே அறிமுக ஆட்டமாக ஆடியவர் 1952-க்குப் பிறகு அவர் ஒருவர்தான். ரிச்மண்ட் கோப்பையை வென்றது.

சொன்னேன். "இருபத்தேழா?" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டான். இப்போது, லீகின் அந்தப் பழைய பெயரைத் தாங்கி ஏ.எஃப்.எல்.-க்கு அடுத்த படியில் இருக்கும் வி.எஃப்.எல். அணி ஒன்றில் வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறான், பகலில் கல்லூரி. அடுத்த நடுப்பருவ டிராஃப்டுக்கும் பெயர் கொடுக்கப் போகிறானாம். அதற்கும் மேசையருகில் உட்கார வேண்டியிருக்கும் என்பதால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அக்காள் இன்னும் சமையலறைக்குத் திரும்ப எடுத்துப் போகவில்லை.