மோல்டுக்கு முன்: ஒரு வள்ளத்தின் பிளக்

ஆகஸ்ட் 18
பதினெட்டு அடி ஃபைபர் வள்ளத்தின் பிளக்குக்கு, அதாவது மோல்டு (அச்சு) எடுப்பதற்கான மாதிரி உருவுக்கு, இன்று பிரைமர் அடித்தாயிற்று. ஒன்றரை மாதம் பிளைவுட்டும் பட்டியுமாகக் கிடந்தது, சாம்பல் நிறம் ஏறியதும் படகாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம், "அப்புறம் என்ன, மோல்டு எடுத்துவிடலாமே" என்கிறார்கள். மாலையில் மேற்குக் கதவைத் திறந்தேன். வெயில் சாய்ந்து விழுந்ததும் அணியத்திலிருந்து (முன்முனை) நான்கடி தள்ளி மூன்று அலைகள் தெரிந்தன. நண்பகலில் அந்த இடம் கண்ணாடிபோல் இருந்தது.

ஆகஸ்ட் 19
கறுப்புப் பெயின்ட்டைத் தின்னரில் நீர்க்கக் கலந்து மேலே மெல்லத் தூவினோம். இரண்டரை அடிப் பலகையில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஒரு முறை இடமாகவும் ஒரு முறை வலமாகவும் சாய்த்துத் தேய்த்தோம். மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கும். கையடக்கமான கட்டை இதற்கு உதவாது. அது பள்ளத்துக்குள் தானும் இறங்கி ஏறிவிடும். மூன்று அலைகளும் மூன்று கறுப்புப் பட்டைகளாக நின்றன. பட்டி வைத்தோம்.

மேடு, பள்ளம் இரண்டில் எனக்கு அதிகப் பயம் மேட்டிடம்தான். பிளக்கில் உள்ள பள்ளம் மோல்டில் மேடாக வரும், அதைத் தேய்த்தாவது எடுக்கலாம். பிளக்கின் மேடோ மோல்டில் குழியாகிவிடும். குழியை அடைத்து அதே பளபளப்பைக் கொண்டுவருவது பெரும்பாடு. விட்டால், அந்த மோல்டிலிருந்து வரும் ஒவ்வொரு வள்ளமும் அந்த மேட்டைச் சுமக்கும்.

ஆகஸ்ட் 21
ஊசித்துளைகள். பட்டியில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைப் போட்டு வேகவேகமாகக் கலக்கியதில் காற்று புகுந்திருக்கிறது. உடனிருக்கும் தம்பி மேலாகப் பட்டியை இழுத்துவிட்டுப் போனான். நிறுத்தச் சொன்னேன். துளையின் வாய் மட்டும் மூடும், உள்ளே காற்று இருக்கும், அடுத்த தேய்ப்பில் மறுபடி திறந்துகொள்ளும். முதலில் ஊசி முனையால் வாயை அகலப்படுத்த வேண்டும். பிறகு பிளேடைச் சாய்த்துப் பிடித்துப் பட்டியை உள்ளே அழுத்த வேண்டும். ஏரா (அடித்தண்டு) ஓரத்தில் மட்டும் நாற்பதுக்கு மேல் அடைத்தோம். ஒன்று தப்பினாலும், மோல்டு எடுக்க முதலில் பூசும் பிசினான ஜெல்கோட் அதற்குள் இறங்கிக் கெட்டியாகி, மோல்டைப் பிரிக்கும்போது பிடித்து இழுக்கும்.

ஆகஸ்ட் 24
மேல் பெயின்ட் அடித்த ஐந்தாவது நிமிடம் அமரத்தின் (பின்முனை) பக்கம் வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகியது. மீன் கண்போல நடுவில் பிரைமர் தெரிந்தது. எண்ணெய்! சாப்பிட்டு வந்து தலையைத் தடவிய கையை அங்கே ஊன்றியிருக்கிறோம், தேங்காய் எண்ணெய்தான். ஈரத்தோடு துடைத்தால் இன்னும் பரவும். அப்படியே காயவிட்டோம்.

ஆகஸ்ட் 25
சோப்புத் தண்ணீரில் கழுவி, தின்னர் நனைத்த துணியால் ஒரே திசையில், துணியைப் புரட்டிப் புரட்டித் துடைத்தோம். அதன் பிறகே உப்புத்தாள். முதலில் தேய்த்தால் எண்ணெயைக் கீறலுக்குள் திணித்தது போலாகும். மறுபடி அடித்தோம், சுத்தமாகப் படிந்தது.

இனி பத்து நாள் யாரும் தொடக்கூடாது. முன்பு ஒரு முறை அவசரப்பட்டேன். ஜெல்கோட்டில் இருக்கும் ஸ்டைரீன் என்ற கரைப்பான், முழுதாகக் காயாத பெயின்ட்டைத் தின்று, பரப்பு முழுவதும் முதலைத் தோல்போலச் சுருங்கியது. பிளக்கும் போயிற்று, மோல்டும் போயிற்று.

செப்டம்பர் 5
வாட்டர் பேப்பர்: 600, 800, 1000, 1200. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றினோம். முந்தைய கீறல் குறுக்காகத் தெரிந்தால் அடுத்த நம்பருக்குப் போவதில்லை. தம்பி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி வந்தான். வலது விளிம்பில் நின்றான். "அண்ணே, இங்கே ஏதோ தட்டுகிறது." டியூப்லைட்டைத் தாழ்வாகப் பிடித்தேன். விளக்கின் பிம்பம் அங்கே ஒரு நூல் அளவு கோணியது. எனக்குத் தெரியாதது அவன் கைக்குத் தெரிந்துவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் அதுதான்.

செப்டம்பர் 7
இதே பெயின்ட் அடித்துக் காயவைத்திருந்த துண்டுப் பலகையில், ஒட்டிக்கொள்ளாமலிருக்க மெழுகு போட்டு, ஜெல்கோட்டும் ஒரு கண்ணாடி இழைப் பாயும் வைத்துப் பார்த்தோம். சுருக்கமில்லை, நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது. ஆனால் அதன் முகத்தில் மெல்லிய கோடுகள், 800 நம்பர் கீறலின் அச்சு. பலகையை அவசரமாகத் தேய்த்திருந்தோம். வள்ளத்தில் அப்படி இருக்குமா என்று விளக்கோடு தேடினேன். அமரத்தில் ஒரு முழம் இருந்தது. அதை முடித்துவிட்டு, நாளை முதல் கை மெழுகு.