கிரானைட்டும் காணாமல் போன நியூட்ரினோவும்

கிருஷ்ணகிரியைச் சுற்றி இத்தனை குவாரிகள் இருக்கின்றனவே, ஆழமான பள்ளம் ஒன்றில் தொட்டி வைத்துச் சூரிய நியூட்ரினோவை (எதனோடும் அரிதாகவே மோதும், மின்சுமையற்ற நுண்துகள்) எண்ண முடியாதா என்று இங்குள்ள கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். முடியாது. குவாரிக்கு மேலே வானம் திறந்து கிடக்கிறது. விண்கதிரிலிருந்து வரும் மியூவான்கள் என்ற ஊடுருவும் துகள்கள் கருவியைக் குழப்பிவிடும். அவற்றைத் தடுக்க, தலைக்கு மேல் கிலோமீட்டர் கணக்கில் பாறை வேண்டும். அதனால்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) சுரங்கத்தில், சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் கருவி வைத்து, 1965-ல் விண்கதிர் காற்றில் மோதி உண்டாகும் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள்.

சூரியனிலிருந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் வருகின்றன. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ரே டேவிஸ் அவற்றைப் பிடிக்க வைத்தது 3.8 லட்சம் லிட்டர் பெர்குளோரோஎத்திலீன். டிரை கிளீனிங்குக்குப் பயன்படும் திரவம். நியூட்ரினோவில் எலக்ட்ரான், மியூவான், டாவ் என்று மூன்று வகை உண்டு. எலக்ட்ரான் நியூட்ரினோ மோதினால் குளோரின்-37 ஆர்கான்-37 ஆகும். அதன் அரை ஆயுள் 35 நாள். எனவே சில வாரங்களுக்கு ஒருமுறை ஹீலியத்தைத் திரவத்துக்குள் ஊதி, உடன் வரும் ஆர்கானைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்த கரியில் பிடித்து, சிறிய கவுண்டரில் அடைத்து எண்ண வேண்டும். கிடைத்தது சராசரியாக இரண்டு நாளைக்கு ஓர் அணு. சூரியன் எரியும் விதத்தை வைத்து இயற்பியலாளர் ஜான் பாக்கால் போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆர்கான் தொட்டியிலேயே தங்கிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகம் எழுந்தது. கதிரியக்கமில்லாத ஆர்கானை அளந்து முன்கூட்டியே கலந்து பார்த்ததில், சுமார் 95% திரும்ப வந்தது. பிரித்தெடுப்பில் பிழை இல்லை.

முடிச்சை அவிழ்த்தது கனடாவின் சட்பரி ஆய்வகம். 2 கி.மீ. ஆழத்தில், 12 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளத்துக்குள் 1,000 டன் கனநீர், அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டிரியம் உள்ள நீர். இதில் ஒரே தொட்டியில் இரண்டு கணக்கு எடுக்கலாம். ஒரு வினை எலக்ட்ரான் நியூட்ரினோவால் மட்டுமே நடக்கும். இன்னொன்றில் மூன்று வகையில் எது வந்தாலும் டியூட்டிரியம் அணுக்கரு உடைந்து நியூட்ரான் வெளிவரும். இங்கேதான் பாறை தொல்லை தருகிறது. நம் ஊர்க் கிரானைட் உட்பட எந்தப் பாறையிலும் துளி தோரியம் இருக்கும். அதன் சிதைவுத் தொடரில் வரும் தாலியம்-208 வெளிவிடும் காமா கதிரின் ஆற்றல் 2.6 எம்.இ.வி. (அணுக்கரு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). டியூட்டிரியத்தை உடைக்க 2.2 போதும்! வருவது பொய் நியூட்ரான். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆகவே கோளத்தைச் சுற்றிலும் மிகத் தூய நீர் நிரப்பினார்கள். கனநீரில் கலந்திருக்கும் ரேடியத்தை அளக்க, மாங்கனீசு ஆக்சைடு பூசிய மணிகள் வழியாக அதைச் செலுத்தினார்கள். உள்ளே போகிறவர் குளித்து உடை மாற்றியே ஆக வேண்டும். பிறகு 2 டன் உப்பும் கரைத்தார்கள். அதிலுள்ள குளோரின் நியூட்ரானை எளிதாகப் பிடித்து, தெளிவான காமா ஒளியைத் தரும்.

2002-ல் வந்த முடிவு: சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு எலக்ட்ரான் வகை 17.6 லட்சம், எல்லா வகையும் சேர்த்து 50.9 லட்சம். சூரிய மாதிரி சொன்னதோ ஏறக்குறைய 50.5 லட்சம். எதுவும் காணாமல் போகவில்லை. வழியில் வகை மாறியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் சூரியனின் அடர்ந்த உட்பகுதியிலேயே.

ஆனால் இது சூரியனுக்குள் போரான்-8 அணுக்கரு சிதையும்போது வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களின் கணக்கு. குறைந்த ஆற்றலையும் பிடிக்கும், குளோரினுக்குப் பதில் காலியம் உலோகத் தனிமத்தைப் பயன்படுத்திய சோதனைகளில் எதிர்பார்த்ததில் பாதிக்கு மேல் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘மூன்றில் ஒன்று’ என்று எழுதினால் தவறு.