சாவியைத் திருப்புவதற்கு முன்

பல ஆண்டுகளாக ஓடாமல் நின்ற கார் ஒன்று கைக்கு வந்ததும் எவருக்கும் முதலில் எழும் ஆசை, நல்ல பேட்டரி ஒன்றை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான். நான் ஓடவைக்க முயன்ற முதல் காரில் அந்த ஆசைக்கு இணங்கினேன். செல்ஃப் மோட்டார் ஒருமுறை முனகியது. எஞ்சின் அரைச் சுற்று சுற்றி, உள்ளே காய்ந்த சுள்ளி முறிவதைப் போன்ற சத்தத்தோடு நின்றது. வால்வு மூடியைக் கழற்றிப் பார்த்தபோது வால்வைத் திறக்க உதவும் கம்பியான புஷ்ராடு ஒன்று வில்லாக வளைந்திருந்தது. துருவேறித் தன் இடத்திலேயே இறுகிப்போயிருந்த வால்வைத் திறக்க, மேடுகளுள்ள சுழல்தண்டான கேம் ஷாஃப்ட் கீழிருந்து தள்ள, வால்வு அசைய மறுக்க, இடையில் அகப்பட்ட புஷ்ராடு வளைந்துவிட்டது. சில சொட்டு எண்ணெயும் இரண்டு நாள் காத்திருப்பும் போதுமாக இருந்த இடத்தில், ஒரு மாத வேலையை நானே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து, நின்றுபோன எஞ்சினின் முதல் சுற்றை நான் கையால்தான் சுற்றுகிறேன். எங்கேனும் தடங்கல் இருந்தால் கை உணர்ந்து நிறுத்திக்கொள்ளும். செல்ஃப் மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. நான் இங்கே பேசுவது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரும் ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் செட்டும் உள்ள பழைய பெட்ரோல் கார்களைப் பற்றி. இவற்றுக்கு ஒரு ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூடிரைவர், குறடு, ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், துரு இளக்கும் எண்ணெய், ஒரு ஜாக்கி, அதற்குத் துணையாக உறுதியான தாங்கிகள் ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். தாங்கி இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் எவரும் படுக்கக் கூடாது.

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம் வெறுமனே பார்ப்பது என் வழக்கம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் பஞ்சும் சருகும் அடைத்த எலிக்கூடு இருக்கும். அதே எலி அருகிலுள்ள ஒயர்களின் உறையையும் கடித்திருக்கும். சைலன்சர் குழாயில் குளவி மண்ணால் கூடு கட்டியிருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் கருமையாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது பாலில் கலக்கியதுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த ஆயிலை வடித்து, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துகொள்ளும் வரை எஞ்சினைச் சுற்றவே கூடாது. எஞ்சினின் சுழற்சியையும் வால்வுகளின் அசைவையும் இணைப்பது ரப்பராலான டைமிங் பெல்ட்டா, செயினா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்து வெடித்த ரப்பர் பெல்ட் முதல் ஓட்டத்திலேயே அறுந்தால், சில வகை எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும்.

இனி அந்த முதல் சுற்று. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று குறித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டி அளவுக்கு மெல்லிய எண்ணெய் விடுகிறேன். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் மேலும் வால்வு ஸ்பிரிங்குகளின் மேலும் கொஞ்சம் விடுகிறேன். இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுவேன். முற்றிலும் இறுகிய எஞ்சின் என்றால் ஒரு வாரம், தினமும் கொஞ்சம் எண்ணெய் விட்டபடி. சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டன் ரிங்குகளின் விளிம்புக்குள் எண்ணெய் ஊறி இறங்குவதற்கு வேண்டிய நேரம் அது. பிறகு எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையிலுள்ள சக்கரமான கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையில் மெல்ல அழுத்த வேண்டும். முதலில் சுவரைத் தள்ளுவதுபோல் இருக்கும். தோள் பலத்தைக் காட்டாமல் அழுத்தி, விட்டு, மீண்டும் அழுத்திக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் கைப்பிடி ஒரு விரற்கடை நகரும். அந்த நகர்வில் ஸ்பேனர் போல்ட்டின் மேல் நழுவியதா, எஞ்சினே அசைந்ததா என்று முதலில் சந்தேகம் வரும். மின்விசிறிப் பெல்ட்டும் சேர்ந்து நகர்ந்திருந்தால் எஞ்சின்தான். இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிஸ்டனும் நான்கு ஸ்ட்ரோக்குகளையும், ஒவ்வொரு வால்வும் திறந்து மூடுவதையும் முடித்துவிடும். எங்காவது திடீரென்று கட்டையாக நின்றால் அங்கேயே நிறுத்தி, வால்வு மூடிக்கு அடியில் எது அசையவில்லை என்று பார்க்க வேண்டும்.

கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உள்ள மிகப் பழைய கார் என்றால் வேலை இன்னும் எளிது. ஆனால் பற்றவைப்பு இணைந்திருக்கும்போது எஞ்சின் பின்னோக்கி உதைக்கும் என்பதால், கட்டைவிரலையும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்துக் கையை முறித்துக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். 1912ஆம் ஆண்டு மாடலில் காடிலாக் நிறுவனம் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்தியபோது கிடைத்த வரவேற்புக்கு அதுவும் ஒரு காரணம்.

கையால் சுற்றியபின் பழைய ஆயிலை வடித்துப் புதியதை ஊற்றி, பிளக்குகள் இல்லாமலேயே செல்ஃப் மோட்டாரால் சிறிது நேரம் சுற்றலாம். அழுத்தம் இல்லாததால் எஞ்சின் லேசாகச் சுற்றும். பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்ததும் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும். துளைகளில் நாம் விட்ட எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. இதற்குப் பேட்டரி 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் செல்ஃப் மோட்டாரைக் குறை சொல்வதில் பயனில்லை.

அடுத்தது ஸ்பார்க். நின்ற கார்களில் ஸ்பார்க் வராததற்கு, மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில் எரிந்துவிட்டது என்று பலரும் உடனே முடிவுகட்டுகிறார்கள். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் பாயிண்ட்தான். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும், உள்ளே சுழலும் ரோட்டாரையும் எடுத்துவிட்டால், சிறு பொத்தான் அளவுள்ள இரண்டு உலோக முகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். காயிலுக்குப் போகும் மின்சாரம் அவை தொடும்போது ஓடி, பிரியும்போது துண்டிக்கப்பட்டு, அந்தத் துண்டிப்பில்தான் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. ஆண்டுக்கணக்கில் நின்றபோது அந்த முகங்களில் படிந்த, கண்ணுக்குத் தெரியாத படலமே 12 வோல்ட்டை நிறுத்திவிடப் போதும். மெல்லிய உப்புத்தாளை மடித்து இடையே விட்டு நான்கைந்து முறை இழுத்தபின், வெள்ளை அட்டைத் துண்டு ஒன்றில் ஸ்பிரிட் தொட்டு அதையும் அதே வழியில் இழுக்கிறேன். முதல் இழுப்பில் அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் அட்டை வெளியே வரும் வரை தொடர வேண்டும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவிலுள்ள கேமின் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து, பல கார்களுக்குப் பொருந்தும் 0.4 மில்லிமீட்டர் அளவில் வைக்கிறேன். பிளக்கை ஒயரில் மாட்டி எஞ்சினின் உலோகத்தில் பொருந்தவைத்துச் சுற்றினால், ஸ்பார்க் நீலமாகவும் சுளீரென்றும் விழ வேண்டும். மஞ்சளாக மெலிந்து விழுந்தால் பாயிண்ட்டோடு இணைந்த கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனையின்போது அருகில் திறந்த பெட்ரோல் இருக்கவே கூடாது.

பெட்ரோலைப் பொறுத்தவரை மூக்கே போதுமான கருவி. கெட்டுப்போன பெட்ரோல் பழைய வார்னிஷ் போல நாறும். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டதால் அது பற்றவும் பற்றாது, டேங்கின் துருவையும் பிசினையும் கார்ப்பரேட்டருக்கு இழுத்துவரும். டேங்கைச் சுத்தம் செய்வது தனி வேலை என்பதால், முதல் ஓட்டத்துக்குச் சிறு கேனில் புதிய பெட்ரோல் ஊற்றி அதிலிருந்து பம்புக்குக் குழாய் கொடுத்துவிடுவேன். கார்ப்பரேட்டரின் கிண்ணத்தில் பச்சை மாவு போலப் படிந்திருப்பதைக் கழுவி, பெட்ரோல் செல்லும் நுண்துளையுள்ள ஜெட்டுகளைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அடைப்பை எடுக்க மெல்லிய செம்புக் கம்பிதான் ஏற்றது. எஃகுக் கம்பி பித்தளைத் துளையை அகலமாக்கிவிடும். கிண்ணத்தில் மிதக்கும் பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால், உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்கிறதா என்பதிலிருந்து அது ஓட்டையா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் ஆனபின் தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று முறை தும்மிவிட்டுத்தான் பிடிக்கும். நாம் ஊற்றிய எண்ணெய் எரிவதால் சில நிமிடங்களுக்கு வெண்புகை மண்டும். அதைக் கண்டு பதற வேண்டாம். கண் இருக்க வேண்டிய இடம் ஆயில் விளக்கு. சில விநாடிகளில் அது அணையாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

எஞ்சின் ஓடும் காணொளியோடு பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். பிரேக் பிடித்தால் அந்தக் கார் நிற்குமா என்பதில்தான் எனக்கு அதிக அக்கறை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்குப் புதியதாக இருக்கையில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் என்று வகுக்கப்பட்ட கொதிநிலை, ஈரம் கலந்த நிலையில் 140 டிகிரி வரை இறங்கலாம். அதே ஈரம் வீல் சிலிண்டர்களை உள்ளிருந்து அரிக்கவும் செய்யும். டயர்கள் கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும்: 2309 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்த்தது, அதில் எவரையும் ஏற்றிச் செல்லக் கூடாது. டிரம்மோடு ஒட்டிக்கொண்ட பிரேக் ஷூக்களை விடுவிக்கக் காரை இழுத்துப் பார்ப்பதைவிட, டிரம்மின் விளிம்பைச் சுற்றிலும் சுத்தியலால் அளவாகத் தட்டுவது மேல்.

இப்போது என்னிடம் நிற்கும் காரின் எஞ்சின் காலையில் முதல் திருப்பிலேயே பிடிக்கிறது. பின்பக்க இடது சக்கரத்தில், பிரேக் குழாயின் காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் மட்டும் இன்னும் அசையவில்லை. பலமாகத் திருகினால் கழுத்தோடு முறிந்துவிடும் என்பதால், இன்று மூன்றாவது முறையாக அதன்மேல் எண்ணெய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.