அப்பாவுக்காக ஒரு பாட்டு செய்யச் சொன்னேன்

அப்பா திண்டுக்கல் – வத்தலக்குண்டு தடத்தில் நடத்துநர். பணி ஓய்வு நாளில் அவருக்கென்றே ஒரு பாட்டு போட ஆசை. முதலில் ஒருவரிடம் முன்பணம் கொடுத்து ஏமாந்தேன். வந்தது ஏற்கெனவே போட்டுவைத்த ஒரு பிறந்தநாள் பாட்டு. அப்பா பெயரை மட்டும் ஒட்டியிருந்தார்.

அடுத்த முறை அவசரப்படவில்லை. இன்ஸ்டாகிராமில் தானே மெட்டமைத்துப் பாடிப் போடும் ஒரு தம்பியின் பாட்டுகளை ஒரு வாரம் கேட்டுவிட்டுத்தான் பேசினேன். 18,000 ரூபாய், பாதி முன்பணம், மூன்று வாரம், இரண்டு தடவை திருத்தம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அப்பாவைப் பத்தி எழுதி அனுப்புங்கக்கா" என்றார். அன்பானவர், எங்களுக்காக உழைத்தவர் என்று ஒரு பக்கம் எழுதினேன். "இது எல்லா அப்பாவுக்கும் பொருந்தும்கா. அவர் மட்டும் செய்யறது ஏதாவது சொல்லுங்க" என்று பதில் வந்தது. அன்று சாயங்காலமே அப்பா வண்டியில் ஏறினேன். விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்துச் செருகிய பத்து ரூபாய் நோட்டுகள், பள்ளிப் பிள்ளைகள் ஏறும்வரை விசில் கொடுக்காமல் படியைப் பார்த்தபடி நிற்கும் நிற்பு, "செம்பட்டியெல்லாம் இறங்கு" என்ற குரல். எல்லாவற்றையும் போனில் பதிந்து அனுப்பினேன். பல்லவி அதிலிருந்துதான் பிறந்தது.

முதலில் தத்தகாரத்தில், அதாவது வரிகள் இல்லாமல் 'தன தன' என்று, வெறும் கிட்டாரோடு மெட்டு வந்தது. திருத்தம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். வாத்தியமெல்லாம் சேர்த்த பிறகு மெட்டை மாற்றச் சொன்னால் அவருக்கு முழு வேலையும் திரும்ப. வரிகள் ஏறியதும் ஒன்று உறுத்தியது: 'செம்பட்டி'யில் 'ப' நீண்டு 'செம்பாட்டி' என்று கேட்டது. சொன்னேன். 'ம்'மில் நின்று இழுத்துப் பாடி அனுப்பினார். அசல் அப்பா கூவுவது போலவே இருந்தது!

உரிமை விஷயத்தையும் அப்போதே பேசிவிட்டோம். காசு கொடுத்ததால் பாட்டு நம்முடையது ஆகிவிடாது. மெட்டும் வரியும் எழுதியவருக்கே சொந்தம். அதில் எனக்கும் மறுப்பில்லை, அது அவர் உழைப்பு. ஆனால் பயன்படுத்தும் அனுமதியை எழுத்தில், கையெழுத்தோடு வாங்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள், யூடியூபிலும் ஏற்ற வேண்டும். அதனால் 'காலவரையின்றி, உலகம் முழுக்க, விளம்பரத்துக்கு அல்லாமல்' என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

கடைசியில் எம்பி3 மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். சுருக்காத முழுத்தர ஒலியான வேவ் கோப்பும், குரல் இல்லாத மைனஸ் டிராக்கும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்திருந்தார் தம்பி, நான் கேட்காமலே. நான் பதிந்து அனுப்பியதிலிருந்து அப்பாவின் இரட்டை விசிலை எடுத்துப் பாட்டின் தொடக்கத்தில் வைத்திருந்தார்.

விழா நாளில் மண்டபத்து ஸ்பீக்கரில் அந்த விசில் வந்ததும் அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது. வீடியோ காலில் இருந்த தங்கை, "அக்கா, மொதல்ல இருந்து போடு" என்றாள்.